ஞாயிறு காலை எட்டரை

நவம்பர் மாதத்து முதல் ஞாயிறு, ஜப்பானில் பல வீடுகளில் பெண் குழந்தைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் நாள். காலை எட்டரைக்கு டிவியைப் போட்டால் வர வேண்டிய பிரிக்யூர் கார்ட்டூன் தொடர் வராது. நகோயாவின் அட்சுதா ஆலயத்திலிருந்து இசே பேராலயம் வரை 106.8 கிலோமீட்டர் தூரத்தை அணிக்கு எட்டுப் பேராகப் பங்கிட்டு ஓடும் பல்கலைக்கழக மாணவர்களைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ஜூன் நடுவிலும் ஒரு ஞாயிறு இப்படிப் பறிபோவதுண்டு. அப்போது குறுக்கே வருவது அமெரிக்க ஓபன் கோல்ஃப். மந்திர உடுப்பில் வானத்தில் பறந்து வில்லனை உதைக்கும் பெண்களுக்காகக் காத்திருந்த நான்கு வயதுக் குழந்தைக்கு, புல்வெளியில் மட்டையோடு மெதுவாக நடந்துபோகும் பெரியவர்களைக் காட்டுவதில் ஒரு குரூரம் இருக்கத்தான் செய்கிறது.

இந்த விடுப்புகள் ரசிகர்களுக்கு மனப்பாடம். மற்றபடி 2004 பிப்ரவரி 1 முதல், ஞாயிறு காலை எட்டரை என்றால் பிரிக்யூர்தான். 2024-இல் எபிசோட் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. 2025-இல் ஒளிபரப்பானது 22ஆவது தொடர்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் இதைவிட நீண்ட ஆயுள் கொண்ட கார்ட்டூன்கள் உண்டு. 'சாசாயே-சான்' 1969 அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலை ஓடுகிறது. 'டோரேமோன்' டிவி ஆசாஹியில் 1979-இலிருந்து ஓடுகிறது. அங்கே யாருக்கும் வயதாவதில்லை. டோரேமோனின் நோபிதா என்றைக்கும் பள்ளிக்கூடத்துப் பையன்தான். தாத்தாவும் பேரனும் ஒரே நோபிதாவைப் பார்த்து வளர்ந்திருக்கலாம். பிரிக்யூர் அந்தப் பாதையில் போகவில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் அது முடிந்துபோகிறது. கதை முடிகிறது, எதிரி அழிகிறான், பெண்கள் விடைபெறுகிறார்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் வேறு ஊர், வேறு பெண்கள், வேறு உடுப்பு. ஆரம்ப காலத்தில் இரண்டு முறை மட்டும் ஒரே குழு இரண்டாம் ஆண்டுக்கும் தொடர்ந்தது. மற்ற எல்லா ஆண்டும் புதுசு. இருபது ஆண்டுகளாக மாறாமல் நிற்பவை தலைப்பில் உள்ள பிரிக்யூர் என்ற சொல்லும் கடிகாரத்தின் எட்டரையும்தான்.

பிரிக்யூரைப் புரிந்துகொள்ள அந்த எட்டரை மணி யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். பிரிக்யூர் ஓடும் டிவி ஆசாஹி என்றால் தோக்கியோ. ஆனால் ஞாயிறு காலையின் இந்த அரை மணி நேரம் ஒசாகாவின் ஆசாஹி ப்ராட்காஸ்டிங் நிலையத்துக்குச் சொந்தம். தோக்கியோ நிலையம் அதை வாங்கி அஞ்சல் செய்கிறது. நாடே தலைநகரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு துறையில், இரண்டாவது நகரம் தன் கைக்குள் வைத்துக்கொண்ட சின்னக் காணி நிலம் இது. 1990-களில் 'மார்மலேட் பாய்', 'ஹானா யோரி டாங்கோ' என்று பெண்களுக்கான மங்கா கதைகளை இதில் பயிரிட்டார்கள். தயாரித்துக் கொடுத்தது தோயெய் அனிமேஷன்.

மந்திரச் சிறுமி என்ற வகையே தோயெய் வீட்டுப் பிள்ளைதான். அமெரிக்காவின் 'பிவிச்ட்' தொடர் ஜப்பானிய டப்பிங்கில் சக்கைப்போடு போட்ட 1966-ஆம் ஆண்டின் டிசம்பரில், மித்சுதெரு யோகோயாமாவின் 'மந்திரக்காரி சாலி' வந்தது. முதல் சில மாதங்கள் கறுப்பு வெள்ளை, நடுவழியில் வண்ணம். 1969 ஜனவரியில் அதே நேரத்தில் அடுத்து வந்த 'ரகசிய அக்கோ-சான்' கதையில் மந்திரம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் குடியேறியது. கண்ணாடி என்றால் கடையில் விற்கலாம். விற்றார்கள். அன்றிலிருந்து மந்திரச் சிறுமியின் கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கோல், பதக்கம், பவுடர் டப்பா, பிற்பாடு செல்போன். இந்த உறவு எவ்வளவு கறாரானது என்பதற்கு 1982-இல் தொடங்கிய 'மிங்கி மோமோ' சாட்சி. அதன் 46ஆவது எபிசோடில், மந்திரத்தை இழந்துவிட்ட நாயகி தெருவில் லாரி மோதிச் செத்துப்போகிறாள். அந்த லாரி ஏற்றி வந்தது பொம்மை. பணம் போட்ட பொம்மைக் கம்பெனிக்கு எழுதியவர்கள் காட்டிய வன்மம் என்று இன்றுவரை பேசுகிறார்கள். உண்மை எதுவானாலும், குழந்தைகள் தொடர் ஒன்றில் இவ்வளவு கசப்பான நகைச்சுவை வேறு எங்கும் சுலபத்தில் அகப்படாது.

1992 மார்ச்சில் டிவி ஆசாஹியின் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு 'சேலர் மூன்' வந்தபோது ஆட்டம் மாறியது. அதுவரை மந்திரச் சிறுமிகள் பெரும்பாலும் தனியாள். நவோகோ தாகேஉச்சி அவர்களை அணியாக்கினார். பையன்கள் பார்க்கும் ஐவர் படைக் கதையைப் பெண்களுக்கு மாற்றிக் கொடுத்தார். ஐந்து ஆண்டு, 200 எபிசோட், 1997 பிப்ரவரியில் முற்றும். அதன்பின் மந்திரம் சனி மாலையிலிருந்து ஞாயிறு காலைக்கு, ஒசாகாவின் நிலத்துக்குப் பெயர்ந்தது. 1999-இல் அங்கே 'ஒஜாமாஜோ டோரேமி' தொடங்கியது.

டோரேமியைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பிரிக்யூர் தேர்ந்தெடுக்காத வழி அதுதான். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மக்குப் பெண் ஒருத்தி மந்திரக்காரியாகப் பயிற்சி எடுக்கிறாள். அடுத்த ஆண்டுத் தொடரில் அவள் நான்காம் வகுப்பு. கையில் ஒரு மந்திரக் குழந்தையையும் கொடுத்து வளர்க்கச் சொல்லிவிட்டார்கள். அடுத்து ஐந்து, அடுத்து ஆறு. டிவிக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஒரு வயது கூடினால் உள்ளே இருந்தவளுக்கும் ஒரு வயது கூடியது. 201 எபிசோட் முடிந்து 2003 ஜனவரியில் தொடக்கப் பள்ளியை விட்டு வெளியேறும்போது அவளும் தோழிகளும் மந்திரக்காரிகளாவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கலையாகப் பார்த்தால் இந்த வகையின் உச்சம் இதுவே என்று வாதிட நிறையப் பேர் உண்டு, அதில் நியாயமும் உண்டு. கடைசித் தொடரின் 40ஆவது எபிசோடை இயக்கியவர் பின்னாளில் திரைப்படங்களால் உலகப் புகழ் பெற்ற மமோரு ஹோசோதா. ஆனால் வயது ஏறும் நாயகியிடம் ஒரு வணிகச் சிக்கல் இருக்கிறது. அவள் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டால் அடுத்து என்ன?

அடுத்து வந்தது 'நாளைய நாஜா'. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஐரோப்பாவில் தாயைத் தேடி அலையும் பெண்ணின் கதை. மந்திரம் கிடையாது, கவுன்கள் உண்டு, கண்ணீர் நிறைய உண்டு. 50 எபிசோட் ஓடியது. பொம்மை விற்கவில்லை. நிலம் தரிசாகிவிடுமோ என்ற பயம் வந்த நேரத்தில், பெண்கள் தொடர் எதையும் தயாரித்திராத ஒருவரிடம் பொறுப்பு போனது.

அவர் தகாஷி வாஷியோ. அகிதாவில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் தோயெய்க்கு வந்தவர். பெண் குழந்தைகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாததால் தனக்குப் பிடித்ததைச் செய்தார்: சண்டை. இயக்குநராக அவர் கூப்பிட்டது 'டிராகன் பால்' எடுத்த டைசுகே நிஷியோவை. பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் போட ஆசை உண்டு என்பதுதான் அவர்கள் கையில் இருந்த ஒற்றை வரித் திட்டம். 'இருவர் பிரிக்யூர்' என்ற அந்த முதல் தொடரில், மந்திர உடுப்பு மாட்டிய இரண்டு பெண்கள் கோலைச் சுழற்றி மந்திரம் சொல்லி வேலையை முடித்துவிடுவதில்லை. குத்துகிறார்கள், உதைக்கிறார்கள், எதிரி தூக்கி எறிந்தால் சுவரை இடித்துக்கொண்டு விழுகிறார்கள், எழுந்து மறுபடி ஓடுகிறார்கள். கடைசியில் ஒளிக்கற்றை ஒன்று பாயத்தான் செய்கிறது. அதுவரை கைகால்தான் ஆயுதம். காப்பாற்ற முகமூடி மாட்டிய இளவரசன் யாரும் வருவதில்லை. ஒருத்திக்குக் கறுப்பு, ஒருத்திக்கு வெள்ளை. குழந்தைகளின் கடையில் கறுப்பு விற்காது என்று சத்தியம் செய்யக்கூடிய துறையில் இதுவும் ஒரு துணிச்சல்.

கதை மூலம் என்ற இடத்தில் இஸுமி தோதோ என்று ஒரு பெயர் ஓடும். அப்படி ஓர் எழுத்தாளர் கிடையாது. தோயெய் அனிமேஷன் ஆட்களின் கூட்டுப் புனைபெயர் அது. ஆண்டுதோறும் இயக்குநரும் எழுத்தாளரும் மாறிக்கொண்டிருக்கும் தொடருக்கு, சாகவே முடியாத ஓர் ஆசிரியர் வசதிதான்.

முதல் தொடரின் எட்டாவது எபிசோடை ரசிகர்கள் இன்றும் தனியாகப் பேசுகிறார்கள். அந்த இருவரில் நாகிசா லாக்ராஸ் ஆடுகிற, சாக்லேட் பைத்தியம் பிடித்த விளையாட்டுக்காரி. ஹோனோகா அறிவியல் கழகத்துப் படிப்பாளி. ஒரே வகுப்பு, ஆனால் பழக்கமில்லை. இருவரும் கை கோத்தால்தான் உருமாற முடியும் என்பது விதி. ஆக, பழகாத இரண்டு பேர் வாரா வாரம் கை கோத்துக்கொள்கிறார்கள், உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள், முடிந்ததும் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால் மரியாதையாக அழைத்துக்கொண்டு கலைந்துபோகிறார்கள். எட்டாவது வாரம், நாகிசாவுக்குப் பிடித்த மூத்த மாணவனிடம் ஹோனோகா நல்லெண்ணத்தோடு அவளை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிறாள். நாகிசாவுக்கு மானம் போகிறது. நாம் சிநேகிதிகள் ஒன்றும் இல்லை, சேர்ந்து பிரிக்யூர் ஆகிறோம், அவ்வளவுதான் என்று வெடித்துவிடுகிறாள். பிறகு இருவரின் கையேடுகளும் தற்செயலாக மாறிப் போய்விடுகின்றன. ஒருத்தி எழுதிவைத்ததை மற்றவள் படிக்கிறாள். சண்டை போட்டதற்கு வருத்தம், வாய்விட்டுச் சொல்ல முடியாத தயக்கம், எல்லாம் அதில் இருக்கிறது. எபிசோட் முடிவதற்குள் அவர்கள் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பெரிய அசுரனை வீழ்த்தியதைவிட இது பெரிய நிகழ்ச்சியாகக் காட்டப்படுகிறது. குழந்தைகள் தொடரில் நட்பு என்பது முதல் வாரமே இலவசமாகக் கிடைத்துவிடும் சரக்கு. இங்கே அதைச் சம்பாதிக்க ஏழு வாரம் விட்டிருக்கிறார்கள். வாரா வாரம் காத்திருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

தொடர் ஓடியது, பொம்மையும் ஓடியது. மடக்கு செல்போன் காலத்தில் அட்டையைத் தேய்த்து உருமாறும் போன் மாதிரி ஒரு பொம்மை. இரண்டாம் ஆண்டும் அதே இருவர். 2006-இல் புதிய இருவரோடு 'ஸ்ப்ளாஷ் ஸ்டார்' வந்தது. கதை நன்றாகவே இருந்தது. ஆனால் பழைய இருவரின் சாயல் அப்படியே இருந்ததால், குழந்தைகளுக்கு இது வேறு தொடரா அதே தொடரா என்று பிடிபடவில்லை. விற்பனை சரிந்தது. அடுத்த ஆண்டு வாஷியோ ஐந்து பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 'யெஸ்! பிரிக்யூர் 5' பிழைத்தது, இரண்டு ஆண்டு ஓடியது. 2009-இன் 'ஃப்ரெஷ்' தொடரிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறை முழு மாற்றம் என்பது வழக்கமாகிப்போனது. எபிசோட் முடிவில் பெண்கள் கணினி வரைகலையில் நடனம் ஆடத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். நடனம் அமைத்தவர் நகைச்சுவைக் கலைஞர் மாயேதா கென். மழலையர் பள்ளிகளில் அந்த ஆட்டம் பரவியது.

பிரிக்யூர் ஏன் பிப்ரவரியில் பிறந்து ஜனவரியில் முடிகிறது? ஜப்பானியப் பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, தொலைக்காட்சியின் பெரிய மாற்றங்களும் ஏப்ரல், அக்டோபரில்தான். பிப்ரவரி, பொம்மைக்காரர்களின் காலண்டருக்கு ஒத்துப்போகிற மாதம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பொம்மை. புத்தாண்டில் பெரியவர்கள் உறையில் போட்டுக் கொடுக்கும் காசில் இன்னொன்று. அதோடு பழைய தொடரின் அறுவடை முடிந்தது. ஒரு மாதம் கழித்துப் புது விதை. பொம்மை தயாரிக்கும் பண்டாய் கம்பெனியின் இந்தக் கணக்கு கதைக்குள்ளும் ஓடும். முதல் மாதத்தில் உருமாறும் கருவி. ஜூலை வாக்கில் புதிதாக ஒரு பெண் அணியில் சேருவாள், புதுக் கருவியோடு. இலையுதிர் காலத்தில் எல்லோருக்கும் கூடுதல் சக்தி, கூடுதல் கருவி. தெரிந்தவர்கள் விரல்விட்டுச் சொல்லிவிடுவார்கள். இதை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாதபடி செய்தது, அந்தக் கட்டாயத்துக்குள் எழுதியவர்கள் எடுத்துக்கொண்ட சுதந்திரம். 2009 ஜூலையில் சேர வேண்டிய புதுப் பெண்ணை எதிரி முகாமிலிருந்தே கொண்டுவந்தார்கள். நாயகியை ஏமாற்ற வேடமிட்டுச் சிநேகிதியாக நடித்தவள், நடிப்பு உண்மையாகிப்போய்த் தன் பக்கத்தை இழந்து, உயிரையும் இழந்து, மறுபடி பிரிக்யூராக எழுகிறாள். பொம்மை விற்கும் வாரத்தில் துரோகத்தையும் மன்னிப்பையும் பற்றி இப்படி ஒரு கதை.

ஜனவரி மாதத்துக் கடைசி ஞாயிறு சங்கடமானது. மூன்று வயதுக் குழந்தைக்கு, இவர்கள் இனி வரமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தக் குழந்தைக்கு ஓர் ஆண்டு என்பது நினைவு தெரிந்த காலம் முழுவதும். 2017 ஜனவரியில் 'மந்திரக்காரிகள் பிரிக்யூர்' முடிந்தபோது, கடைசி எபிசோடுக்குள்ளேயே அடுத்த தொடரின் நாயகி வந்து சேர்ந்துகொண்டாள். புதுப் பெண்ணைப் பழைய பெண்களே கூட்டிவந்து அறிமுகம் செய்துவிட்டால் அழுகை குறையும் என்ற யோசனைதான். ஆனால் எல்லாக் குழந்தையும் சமாதானமாகிவிடுவதில்லை. சில குழந்தைகள் பிப்ரவரி முழுக்கப் புதுத் தொடரைப் பகையாளி போலப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பது ஜப்பானியத் தாய்மார்களுக்குப் பழகிப்போன விஷயம். மார்ச் பிறந்தால் சரியாகிவிடும்.

இப்படி வாரக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் பிசகாமல் ஓடும் வண்டியை, வெளி உலகம் மூன்று முறை பிடித்து நிறுத்தியது.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. கிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் ஆழிப்பேரலையும் தாக்கின. 'சுவீட் பிரிக்யூர்' தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. அந்த ஞாயிறு செய்தி மட்டுமே ஓடியது. தொடர்கள் திரும்பி வந்தபோதும் கம்பெனிகள் விளம்பரங்களை நிறுத்தி வைத்திருந்தன. அந்த இடைவெளிகளில், வணக்கம் சொல்லக் கற்றுத்தரும் பொதுநல விளம்பரத்தின் கார்ட்டூன் விலங்குகள் திரும்பத் திரும்பப் பாடின. பழைய பிரிக்யூர்கள் எல்லோரும் சேர்ந்து வரும் திரைப்படம் மார்ச் 19-இல் வெளியாக இருந்தது. வெளியானது, வெள்ளம் பெருகி வரும் காட்சிகளை வெட்டிவிட்டு.

இரண்டாவது நிறுத்தத்தை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணிந்திருக்க மாட்டார். 2020 பிப்ரவரி 2 அன்று 'ஹீலிங் குட் பிரிக்யூர்' தொடங்கியது. பூமிக்கு நோய் வந்துவிட்டது, நோய்க்கிருமிக் கூட்டம் ஒன்று அதைப் பரப்புகிறது, பெண்கள் மருத்துவர்களாகிக் குணப்படுத்துகிறார்கள் என்பது கதை. திட்டம் போட்டது வெகு காலம் முன்பு. முதல் எபிசோடுக்கு மறுநாள், 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பல் தொற்றாளிகளோடு யோகோஹாமா வந்து நின்றது. ஏப்ரல் 19-க்குப் பிறகு புது எபிசோட் இல்லை. படம் வரைபவர்களும் குரல் கொடுப்பவர்களும் ஒரே அறையில் கூட முடியாது. இரண்டு மாதம் பழைய எபிசோடுகளையே மறுபடி காட்டினார்கள். ஜூன் 28 அன்று புது எபிசோட் திரும்பியது. வழக்கமான ஜனவரியில் முடிக்க முடியாமல் 2021 பிப்ரவரி 21 வரை இழுத்து, 45 எபிசோடோடு முடித்துக்கொண்டது.

அந்தத் தொடரின் 42ஆவது எபிசோட் தனியாகச் சொல்லத் தக்கது. நாயகி நோதோகா சிறுவயதில் காரணம் தெரியாத நோயால் ஆண்டுக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவள் உடம்புக்குள் வளர்ந்த கிருமிதான் எதிரிக் கூட்டத்து இளைஞன் தாருய்ஸென். முடிவு நெருங்கும்போது, தன் தலைவனிடமிருந்து தப்ப அவன் அவளிடமே வந்து கெஞ்சுகிறான்: மறுபடி உன் உடம்புக்குள் ஒளிந்துகொள்ள விடு. பிரிக்யூர் மரபுப்படி அவள் இரங்க வேண்டும். எதிரியை அணைத்துக்கொண்டு திருத்துவது இந்தத் தொடர்களின் வாடிக்கை. நோதோகா பயந்து ஓடுகிறாள், இரவெல்லாம் குழம்புகிறாள், கடைசியில் முடியாது என்று சொல்லிவிடுகிறாள். நான் வலியில் கிடந்தபோது நீ என்னைப் பற்றி நினைத்தாயா என்பது அவள் கேள்வியின் சாரம். தன்னை வதைத்தவனுக்கு இடம் கொடுக்க ஒரு பெண் கடமைப்பட்டவள் அல்ல என்பதை ஐந்து வயதுப் பெண்களுக்கு, காலை எட்டரைக்கு, பொம்மை விளம்பரங்களுக்கு நடுவே சொன்னார்கள். இரக்கமற்ற நாயகி என்று சிலர் முணுமுணுத்தார்கள். பெருந்தொற்றுக் குளிர்காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்த பல தாய்மார்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது நிறுத்தம் 2022-இல். மார்ச் 6 அன்று தோயெய் அனிமேஷனின் கணினிகளுக்குள் வெளியாள் ஊடுருவினான். 'ஒன் பீஸ்' முதலான தொடர்களோடு, சாப்பாட்டைப் பற்றிய 'டெலிஷியஸ் பார்ட்டி பிரிக்யூர்' தொடரும் மாட்டிக்கொண்டது. ஆறு வாரம் கழித்து ஏப்ரல் 17 அன்றுதான் புது எபிசோட் வந்தது. வாரத் தொடர் என்பது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நிலநடுக்கமும் கிருமியும் காட்டியதைவிட, ஒரு கணினி ஊடுருவல் இன்னும் வெட்டவெளிச்சமாகக் காட்டியது.

இதற்கிடையே அக்கம்பக்கமும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் ஞாயிறு காலை ஏழரைக்குப் பையன்களின் ஐவர் படைத் தொடரான சூப்பர் சென்டாய், எட்டுக்கு அவர்களின் இன்னொரு தொடரான காமென் ரைடர், எட்டரைக்குப் பிரிக்யூர் என்று அண்ணனும் தங்கையும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்க்கும் வரிசை இருந்தது. 2017 அக்டோபரில் டிவி ஆசாஹி காலைச் செய்தி நிகழ்ச்சியை எட்டரை வரை நீட்டியது. பையன்களின் இரண்டு தொடர்களும் ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் தள்ளப்பட்டன. பிரிக்யூர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியாக வந்தது முதலாவதாக ஆனது. 1975-இல் தொடங்கிய சூப்பர் சென்டாய், ஐம்பதாம் ஆண்டுத் தொடரோடு நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பு 2025 இறுதியில் வந்தது. ஒசாகாவின் நிலம் இன்னும் கைமாறவில்லை.

பையன்கள் விஷயத்துக்கு வருவோம். 2018-இன் 'ஹக்டோ' தொடரில் ஹென்ரி என்ற ஃபிகர் ஸ்கேட்டிங் வீரன் ஒருவன், கவுன் அணிந்து மேடையில் நடப்பான்; பையனும் இளவரசி ஆகலாம் என்று நாயகி சொல்வாள். விபத்தில் கால் ஒடிந்து ஆட்டமே போன டிசம்பர் மாதத்து எபிசோடில், சில நிமிடங்கள் அவனும் பிரிக்யூர் ஆனான். செய்தித்தாள் வரை பேச்சு போனது. 2023-இன் 'ஹிரோகாரு ஸ்கை'யில் இது சில நிமிட அதிசயமாக இல்லை. பறக்க முடியாத பறவை இனத்தில் பிறந்து, பறப்பதற்காகக் காற்றியக்கவியல் புத்தகம் படிக்கும் ட்சுபாசா, சேர்ந்த நாளிலிருந்து ஆண்டு முடியும் வரை அணியில் இருந்தான். நாயகியின் நிறமும் அந்த ஆண்டு வழக்கமான இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்கு மாறியது. 2024-இல் 'வண்டர்ஃபுல்' தொடர் இன்னொரு தலைகீழ் காரியம் செய்தது. நாயகி ஒரு வீட்டு நாய். வெறி பிடித்த விலங்குகளை யாரும் குத்துவதில்லை, உதைப்பதில்லை; துரத்திப் பிடித்து, அணைத்து, அமைதிப்படுத்துகிறார்கள். எதிரிகள் மனிதர்களால் அழிந்துபோன விலங்குகள். முன்னே நிற்பது ஜப்பானிய ஓநாய். இருபது ஆண்டுக்கு முன் பெண்களுக்குக் கைமுஷ்டியைப் பெற்றுக் கொடுத்த தொடர், அதைத் தானாகக் கீழே வைத்தது. வாஷியோவின் முதல் வரியைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று பழைய ரசிகர் ஒருவர் கோபித்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே எல்லாம் மாறிவிடும் என்ற வசதி இருக்கும்போதுதான் இப்படிச் சோதனை செய்ய முடிகிறது என்பதும் உண்மை. ஒரே நோபிதாவை வைத்துக்கொண்டு இது ஆகாது.

வெளிநாடுகளில் இந்தத் தொடருக்கு நேர்ந்தது வேறு கதை. 2012-இன் 'ஸ்மைல் பிரிக்யூர்' தொடரை அமெரிக்காவின் சபான் நிறுவனம் வாங்கி 'க்ளிட்டர் ஃபோர்ஸ்' என்று பெயர் மாற்றியது. மியுகி எமிலி ஆனாள். 48 எபிசோடில் எட்டை எடுத்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் ஒரே நாளில் இருபது எபிசோட் கொட்டப்பட்டது. பெயர் மாற்றத்தை ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு, ஓர் ஆண்டுக் கதையை ஒரு விடுமுறை வாரத்தில் தின்று முடிக்க வைத்தது. கோடை எபிசோடும் பனிக்கால எபிசோடும் ஒரே பிற்பகலில் வந்தால், ஏழு நாள் காத்திருந்து சேர்த்துக்கொள்ளும் உறவுக்கு இடம் எங்கே?

இருபது ஆண்டில் குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். 2023 அக்டோபரில், எட்டரை மணிக்கும் ஒசாகாவுக்கும் சம்பந்தமில்லாத என்எச்கே கல்வி அலைவரிசையின் சனி மாலையில், பழைய பிரிக்யூர் 5 பெண்கள் பெரியவர்களாகத் திரும்பி வந்தார்கள். நாயகி நோசோமி ஆசிரியையாக அல்லாடுகிறாள். மற்றவர்களுக்கும் வேலைத் தொல்லை. சாயங்காலம் கூடி மது அருந்துகிறார்கள். பன்னிரண்டே எபிசோட். சுற்றுச்சூழல் அழிவு பற்றிய கதை கொஞ்சம் பாடப்புத்தகமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பதினைந்து ஆண்டுக்கு முன் பாயில் உட்கார்ந்து பார்த்தவள், இன்று வேலை முடிந்து வந்து அதே பெண் பள்ளி அலுவலகத்தில் திட்டு வாங்குவதைப் பார்ப்பதில் கதையைத் தாண்டிய ஏதோ ஒன்று நடந்தது. பிரிக்யூர் இருபது ஆண்டாகத் தவிர்த்துவந்த டோரேமியின் வழி, பக்கவாசல் வழியே உள்ளே வந்தது.

2025 ஜனவரியில் அதே போல 'மந்திரக்காரிகள் பிரிக்யூர்' பெண்களும் வளர்ந்தவர்களாகத் திரும்பினார்கள். இந்த முறை பழைய நிலையத்திலேயே, ஆனால் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி. காலண்டர்படி அதுவும் ஞாயிறுதான். முன்னாள் குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டுப் படுத்தால், சில மணி நேரத்தில் எட்டரை ஆகிவிடும். அங்கே 'வண்டர்ஃபுல்' நாயும் ஓநாயும் கடைசி வாரங்களில் இருந்தார்கள். ஜனவரி 26 அன்று அது முடிந்தது. பிப்ரவரி 2 அன்று மேடையில் பாடும் பெண்களோடு அடுத்த தொடர் வந்தது, நள்ளிரவுத் தொடர் இன்னும் பாதி வழியில் இருந்தது.